தொண்டைக்கு ஆபரேஷன், காதுக்கு வைத்தியம்

நான் வேலை பார்த்த காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் இப்போது டான்சில் எடுத்தவர்களுக்கு வழவழப்பான தாளில் அச்சடித்த விளக்கம் ஒன்று கொடுக்கிறார்கள். கேள்வி பதில் வடிவம். அதில் ஒரு கேள்வி: 'ஆபரேஷன் தொண்டையில்தானே, காது ஏன் வலிக்கிறது?' பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போன மாதம் அங்கே போனபோது, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி அதை என்னிடம் காட்டி, இதெல்லாம் இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். சமாளிக்கவில்லை அம்மா, திட்டு வாங்கினோம். என் சர்வீஸில் பாதி அதிலேயே போயிற்று. அவள் கேட்டதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் படிக்கப்போவதில்லை என்பதும் தெரியும். தாளில் நாலே வரியில் இருக்கும்போது இதை யார் படிப்பார்கள்?

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நர்சிங் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிக்கச் சொன்னார்கள், விரித்தேன். சுருக்கம் இருக்கிறது என்று திட்டினார்கள், மறுபடியும் விரித்தேன். எண்பதுகளின் நடுவில், எங்கள் ஊர்ப் பெண்கள் பனியன் கம்பெனிக்கு வேலை தேடிப் போன அதே பஸ்ஸில் ஏறி நானும் திருப்பூருக்கு வந்து சேர்ந்தேன். அவர்களுக்கு வாரச் சம்பளம், எனக்கு வெள்ளை உடுப்பு. யாருக்கு லாபம் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை, பார்த்தால் தூக்கம் வராது.

கொங்கு மரியாதைதான் எனக்குப் பழகுவதற்கு நாளாயிற்று. எங்கள் ஊரில் சண்டை என்றால் சண்டை மாதிரி இருக்கும், தெரு முனையில் நிற்பவனுக்கும் புரியும். இங்கே ஒருவர் கைகளைக் கூப்பிக்கொண்டு, "ஏனுங்க சிஸ்டர், உங்களுக்கு வேலையே தெரியாதுங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நாம் சாப்பிட்டோமா என்றும் விசாரிப்பார். திட்டினாரா, உபசரித்தாரா என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

டாக்டருக்கோ பேச்சே ஆகாது. நல்ல கை. கத்தியைத் தொட்டால் தொண்டைக்குள் வேலை சுத்தமாக முடிந்துவிடும். வாயைத்தான் திறக்க மாட்டார். நெற்றியில் கட்டிய வட்டக் கண்ணாடியைக் கழற்ற மறந்து, அதோடேயே எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போவார், கடைக்காரர் தன் முகத்தை அதில் பார்த்துத் தலை சீவிக்கொள்வார். நோயாளி எதைக் கேட்டாலும் அவரிடம் இரண்டு பதில்தான் உண்டு. "வலிக்கும்" என்பது ஒன்று, "முழுங்கணும்" என்பது இன்னொன்று. மீதி விளக்கத்தையெல்லாம் கொடுக்கத்தான் கடவுள் நர்சுகளைப் படைத்திருக்கிறார் என்பது அவர் நம்பிக்கை.

ஆபரேஷன் காலையில் நடக்கும். ஈதர் வாடையோடு நோயாளியை வெளியே கொண்டுவந்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முகத்தைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பிவிடுவோம். வாயில் ஊறும் ரத்தம் உள்ளே போகாமல் வெளியே வடிய வேண்டும். அப்புறம் என் வேலை, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர்களுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. தூங்குகிற ஆள் திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சொந்தக்காரர்களுக்கு இது தெரியாது. சிஸ்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, காபி வாங்கிக்கொண்டு வரச் சொன்னவர்களும் உண்டு.

சாயந்திரம் ஐஸ் தண்ணீர், மறுநாள் ஆறிய கஞ்சி, அப்புறம் வீடு. அதுவரை எல்லோரும் எங்களைத் தெய்வமே என்பார்கள். நாலைந்து நாள் கழித்துத்தான் கூத்து ஆரம்பிக்கும். தொண்டையில் டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகப் பொருக்குப் படியும். அதைச் சீழ் என்பார்கள். கூடவே காதுக்குள் சுருக்கென்று ஒரு வலி. ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அந்த வலி காதைப் பிடித்து இழுக்கும். தொண்டைக்குப் போகும் நரம்பின் கிளை காதுக்கும் போகிறது, காதில் ஒரு கோளாறும் கிடையாது. இதற்கு மட்டும் டாக்டர் தன் வழக்கத்தை மீறி ஓர் உவமை சொல்வார். டெலிபோனில் கிராஸ் டாக் வருகிறதல்லவா, அங்கே யாரோ பேசுவது இங்கே கேட்கிறதல்லவா, அது மாதிரி என்பார். டெலிபோனையே தொட்டுப் பார்த்திராத ஜனங்கள் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம், "காதுக்குள்ள போன் வெச்சுட்டாருங்களா?" என்று கேட்பார்கள்.

கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வைத்தியத்தைத் தொடங்குவார்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் தாய்ப்பால். ஊற்றியதெல்லாம் வழியாமல் இருக்க ஓர் அடைப்பு வேண்டும். மற்ற ஊரில் பஞ்சு வைப்பார்கள். திருப்பூரில் எதற்குப் பஞ்சு? கட்டிங் டேபிளுக்குக் கீழே பனியன் வேஸ்ட் மலை மாதிரி குவிந்து கிடக்கிறதே. அதில் ஒரு துண்டைத் திரித்து உள்ளே செருகிவிட்டால் வைத்தியம் முடிந்தது. நான் இடுக்கியால் இழுத்து எடுத்த துணிகளை வைத்தே அந்த சீசனில் எந்தக் கம்பெனியில் எந்தக் கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். ஒரு வருடம் கிளிப்பச்சையாக வந்துகொண்டிருந்தது. எந்த நாட்டுக்காரன் அதையெல்லாம் போட்டுக்கொண்டு திரிந்தானோ.

ஒரு முதலாளி வந்தார். ஏற்றுமதிக்காரர், தொண்டையால் கம்பெனி நடத்துபவர். அவர் காதில் இருந்தது வேஸ்ட் அல்ல, புத்தம்புதுத் துணி. அந்தஸ்து என்று ஒன்று இருக்கிறதல்லவா. இந்த வலி எந்தத் தேதிக்கு முடியும் என்று உறுதியாகச் சொல்லும்படி டாக்டரிடம் கேட்டார், கப்பலுக்குச் சரக்கு அனுப்புகிறவருக்குத் தேதி முக்கியம். டாக்டர் அன்றைக்கு என்ன நல்ல மனநிலையில் இருந்தாரோ, "உங்க துணி டையிங்குல இருந்து எப்ப வரும்னு சொல்லுங்க, நான் இதச் சொல்றேன்" என்றார். முதலாளி அதற்கப்புறம் தேதி கேட்கவில்லை. சாயப் பட்டறைக்காரர்கள் சொன்ன தேதிக்குத் துணி கொடுத்ததாக இந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே காலம் ஓடியிருக்கும், சரசு வராமல் இருந்திருந்தால்.

சரசு பவர் டேபிள் என்று சொல்கிற மின்சாரத் தையல் மெஷினில் டைலராக இருந்தவள். இருபது வயது இருக்கும். கையும் வேகம், வாயும் வேகம். அவள் அப்பா பழனிச்சாமிக்கு வெள்ளகோவில் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. மழை ஏமாற்றியதும் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்து ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். சாமளாபுரத்தில் சொந்தத் தறி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் சரசுவுக்கு மாப்பிள்ளை பேசி, நிச்சயமும் ஆகியிருந்தது. தை மாதம் கல்யாணம். மாதம் தவறாமல் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வரும் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் நோயாளி என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்து, புரட்டாசியிலேயே ஆபரேஷனை முடித்துவிடக் கூட்டி வந்தார். சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினார். அந்தச் சம்பந்தத்தை விட்டால் தன் மகளுக்கு வேறு வாழ்க்கை கிடையாது என்று மனிதர் முழுதாக நம்பினார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் அவளை ஆட்டோவில் போட்டுத் தூக்கி வந்தார்கள். உதடு வெடித்திருந்தது, நாக்கு காய்ந்து கிடந்தது, உடம்பு கொதித்தது. காது வலி வந்திருக்கிறது. விழுங்கினால்தான் வலிக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, விழுங்குவதையே நிறுத்திவிட்டாள். எச்சிலைக்கூட டப்பாவில் துப்பியிருக்கிறாள். அம்மா இரண்டு காதிலும் பூண்டு எண்ணெயை ஊற்றி, ரோஸ் கலர் வேஸ்ட்டை அடைத்திருந்தாள். பேசினால் தையல் பிரிந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லி, பேச்சையும் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே தையல் என்று ஒன்று இருந்தால்தானே பிரிவதற்கு.

பழனிச்சாமி என்னைக் கும்பிட்டார். "தொண்டையத்தானுங்க அறுக்கச் சொன்னம். காத எதுக்குங்க சிஸ்டர் அறுத்தீங்க? கூப்புட்டா திரும்ப மாட்டீங்குது. என்ற புள்ள செவிடாப் போச்சுங்க."

காதில் எண்ணெயையும் துணியையும் அடைத்துவிட்டுக் கூப்பிட்டால் கலெக்டர்கூடத் திரும்ப மாட்டார். இதை நான் அவரிடம் கொஞ்சம் காரமாகவே சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

டாக்டர் வந்து தொண்டையைப் பார்த்தார். அவர் முகம் இறுகியதைக் கண்டு எனக்கும் சிரிப்புப் போயிற்று. விழுங்காமல் விட்டால் அந்தப் பொருக்கு காய்ந்து கெட்டியாகும், ஒருநாள் பிய்த்துக்கொண்டு விழும்போது ரத்தம் கொட்டும், தூங்கும்போது கொட்டினால் ஆள் போய்விடலாம். டிரிப் ஏற்றச் சொன்னார். பிறகு காது வலிக்கான வைத்தியத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார், அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வலி மருந்தை முதலில் கொடு. அது வேலை செய்ய அரை மணி நேரம் விடு. அப்புறம் ஆறிய கஞ்சி, வாய் வாயாக. காதுக்கு வெளியே வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம், உள்ளே ஒன்றும் போகக் கூடாது. இடையிடையே சூயிங் கம் மெல்லட்டும், தாடை அசைந்தால் பிடிப்பு விடும், எச்சிலும் தானாக உள்ளே இறங்கும்.

நிச்சயம் ஆன பெண்ணை சூயிங் கம் மெல்லச் சொன்ன முதல் டாக்டர் அவராகத்தான் இருப்பார். ஆபரேஷனுக்கே அசராமல் இருந்த சரசுவின் அம்மா அதைக் கேட்டுத்தான் நெஞ்சில் கை வைத்தாள். கம்மை வாங்கி வரவும் வீட்டில் ஒருவரும் முன்வரவில்லை, நானே போய் வாங்கி வந்தேன்.

நான் சரசுவின் காதை மெதுவாகச் சுத்தம் செய்துவிட்டு அந்தப் பக்கம் போனால், ஃபேன் காற்று உள்ளே போய்விடும் என்று அவள் அம்மா இந்தப் பக்கம் மறுபடியும் அடைத்துவிடுவாள். இப்படி எடுப்பதும் அடைப்பதுமாக ஒரு பகல் போயிற்று. சரசு சூயிங் கம்மை மட்டும் மென்றாள். கஞ்சியைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். அவள் அழுவதைப் பார்த்து எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோபத்தைத்தான் காட்டினேன்.

மறுநாள் சம்பந்தி வீட்டில் இருந்து வந்துவிட்டார்கள். எப்படித் தெரிந்ததோ. திருப்பூரில் ரகசியம் சாயத் தண்ணீர் மாதிரி, எங்கே விட்டாலும் வெளியே வந்துவிடும். மாப்பிள்ளையின் அம்மாவும், அந்த அம்மாவின் தம்பியும் வந்தார்கள். பேச்சுவார்த்தை எல்லாம் அந்தத் தம்பிதான். மாப்பிள்ளைக்குத் தறி இருக்கிறதாம், வர முடியவில்லையாம். தொண்டையில் ஆபரேஷன் ஆனவளுக்கு ஒரு பை நிறையப் புளிப்பு ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார்கள். மனசு பெரிது.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தறிச் சத்தத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவர். அங்கே 'சோறு வை' என்று சொல்வதற்கே கத்த வேண்டும். அதனால் அவருடைய சாதாரணப் பேச்சு எங்கள் வார்டு முழுக்கக் கேட்டது, அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, எப்படி இருக்கற?" என்று கேட்டார் அந்த அம்மா. சரசு சுவரைப் பார்த்துப் படுத்தபடி மென்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை. இரண்டு தடவை கேட்டும் திரும்பவில்லை. அந்த அம்மா கட்டிலைச் சுற்றிப் போய் அவள் காதைப் பார்த்தார், அடைப்பைப் பார்த்தார், அசைகிற தாடையைப் பார்த்தார். பிறகு தம்பியை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய் ரகசியம் சொன்னார். அதாவது, ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டதைச் சொன்னார்.

"செவிடுடா. பேச்சும் வராதாட்ட இருக்குது. நீ எதையாவது சொல்லிக் கெடுத்துப்போடாத. தறிக்கு இதுதான் தோது. சத்தமுந் தெரியாது, பதிலுக்குப் பதில் பேசவும் பேசாது. ரெண்டு தறிய உட்டா ரெண்டையும் ஓட்டும்."

வார்டே கேட்டது. தம்பி வியாபாரி, பேரத்துக்கு ஏற்ற மாதிரி முகத்தை மாற்றிக்கொண்டு பழனிச்சாமியிடம் வந்தார். பெண்ணுக்கு இப்படி ஒரு குறை என்று முன்னமே சொல்லியிருக்கலாமே என்று வருத்தமாகக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் கஞ்சி டம்ளரோடு நான் வாயைத் திறப்பதற்குள் பழனிச்சாமி முந்திக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னார்.

"கொறைய மனசுல வெச்சுக்காதீங்க. காது போனாப் போவுதுங்க, வேலைக்குக் கொறை வெக்காது. ஒரு மூலையில போட்டு வெச்சீங்கன்னா சொன்ன வேலையச் செஞ்சுக்கிட்டுக் கெடக்கும். கல்யாணத்த மட்டும் நிறுத்திப்போடாதீங்க."

மகளின் கட்டிலுக்கும் அவருக்கும் இடையில் ஒரு எட்டுத்தான் இருந்தது. அவள் செவிடாகிவிட்டாள் என்று நம்பித்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

சரசு எழுந்து உட்கார்ந்தாள். வாயிலிருந்த கம்மை எடுத்துத் தாளில் வைத்தாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள், கஞ்சி கேட்கிறாள் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. டம்ளரைக் கொடுத்தேன். முதல் வாய் இறங்கும்போது தோள் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த வாயையும் விழுங்கினாள், அதற்கடுத்ததையும் விழுங்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். டம்ளரைக் காலி செய்து என்னிடம் கொடுத்தாள். இரண்டு காதிலிருந்தும் ரோஸ் கலர் துணியைப் பிடுங்கி என் டிரேயில் போட்டாள்.

"காது வலிக்குதுங்க அத்தை" என்றாள். குரல் மூக்கில் போய்க் கரகரத்தது. "கேக்காம இல்லீங்க. உங்க தறிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

இவ்வளவையும் 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். அந்த மரியாதையை நான் அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அந்த அம்மா முதல்முறையாகச் சத்தம் குறைந்து ஏதோ முணுமுணுத்தார். தம்பி ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டார். இருவரும் வெளியேறினார்கள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார், நெற்றியில் அதே கண்ணாடி. கல்யாணம் நின்றுபோனது என்று நான் மூச்சுவிடாமல் சொன்னேன். "முழுங்கினாளா?" என்று கேட்டார். முழு டம்ளர் என்றேன். தொண்டையைப் பார்த்துவிட்டு, சாயந்திரம் டிரிப்பை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனிதருக்கு இதயம் இருக்கிறதா என்று எனக்கு அன்றைக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மிச்ச நாளெல்லாம் கஞ்சி வேளைக்கு அவரே வந்து கட்டிலருகே நின்றார். வேறு எந்த நோயாளிக்கும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

சரசு அதற்குப் பிறகு எல்லாவற்றையும் விழுங்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் வலித்தது, அழுதுகொண்டே விழுங்கினாள். பொருக்கு தானாக உதிர்ந்தது, ரத்தம் வரவில்லை. அம்மாவிடம் பேசினாள், என்னிடம் பேசினாள், அடுத்த கட்டில்காரரிடம்கூடக் கம்பெனிக் கதை பேசினாள். அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிற அன்று அம்மாவும் மகளும் வாசலில் ஆட்டோவுக்கு நின்றார்கள். பழனிச்சாமி மட்டும் திரும்பி உள்ளே வந்தார். மருந்தைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து, எந்த வேளைக்கு எது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க சிஸ்டர், அன்னைக்கு நாஞ் சொன்னதும் அதுக்குக் கேட்டிருக்குங்களா?"

நான் மருந்துச் சீட்டை மேஜையில் வைத்தேன்.

"கேட்டிருக்கும் அய்யா" என்றேன். "எல்லாமே கேட்டிருக்கும்."